நாற்பத்து நான்காவது ஆள்

ஜூலை 3, புதன்

சர்க்கரை ஆலை மூடி ஒன்பது வாரம். இனி அக்டோபரில் அது புகையும்வரை அசியெண்டாவில், இந்தக் கரும்புத் தோட்டத்தில், யாருக்கும் கூலி கிடையாது. செத்த மாதங்கள் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். காலையில் அவித்த வாழைக்காயும் உப்பும், மதியம் முருங்கைக்கீரைத் தண்ணீர், ராத்திரிக்கு மறுபடி வாழைக்காய். மகள் லியெஸெல் இன்று தட்டைத் தள்ளிவிட்டாள். பதினாலு வயதில் நானும் தள்ளியவள்தான். என் அம்மா மண்டையில் ஒன்று வைத்தாள். நான் வைக்கவில்லை. எனக்கே அந்த வாழைக்காயைப் பார்த்தால் குமட்டுகிறது.

தொழிலாளர் சங்க நிலத்தில் பயறு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒன்பது ஹெக்டேர். அரசாங்கம் தாளில் எங்களுக்குக் கொடுத்து இருபது வருடம், அசியெண்டா கையில் கொடுக்கவில்லை. போன வருடம் நாங்களாகவே இறங்கி உழுதுவிட்டோம். அறுப்புக்கு இன்னும் ஆறு வாரம் பல்லைக் கடிக்க வேண்டும்.

என் புருஷன் அபுந்தியோ நாளை நகரத்துக்குக் கிளம்புகிறான். நில அலுவலக வாசலில் பத்து நாள் கூடாரம். "பட்டினி கிடக்கத்தான் போறோம். அத அவங்க கண்ணு முன்னாடி கிடப்போமே" என்கிறான். நாக்கைச் சொடுக்காமல் ஒரு வாக்கியம் பேச வராது அவனுக்கு. ஊரே பல்லி என்றுதான் கூப்பிடுகிறது. சங்கத் தலைவரை இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டால், பல்லி சொன்னால் பலிக்கும் என்று அவனே சிரிக்கிறான்.

ஜூலை 5, வெள்ளி

ஊர்த்தலைவர் வீட்டு வாசலுக்கே வந்தார். கப்பித்தான் நம் வாசலுக்கு வந்தால் தேர்தலாக இருக்க வேண்டும், அல்லது சாவாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. அரிசி வந்திருக்கிறதாம்! குடும்பத்துக்கு ஐந்து கிலோ, இரண்டு டப்பா மத்தி மீன். "சங்கத்து ஆளுங்களுக்கும் உண்டு. யாரையும் விடமாட்டோம். உன் கையெழுத்துதான் இந்த ஊர்லயே அழகு, ஒரு பட்டியல் எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். சங்கச் செயலாளர் நான்தானே. முதலில் இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிப் பார்த்து, பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்தேன். தலைப்பில் சங்கத்தின் பெயர், தலைவர் பெயர், கீழே குடும்பத்துக்கு ஒருவர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பட்டப்பெயரும் போட்டேன். போடாவிட்டால் யார் யாரென்று கப்பித்தானுக்கு எப்படித் தெரியும்? கிரிகோரியோ என்று கூப்பிட்டால் பெரியவர் மனோங் கோரியோவே திரும்பிப் பார்க்கமாட்டார். ஒட்டடைக்குச்சி என்றால் வருவார். வாய் மூடாத கோன்சிங்குக்கு 'ரேடியோ' என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பாலர் பள்ளியில் எட்டு வருடம் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த எனக்கு 'டீச்சர்'. எண் ஒன்று.

அபுந்தியோவைக் கேட்டிருக்கலாம். அவன் போனில் சார்ஜ் இல்லை.

ஜூலை 8, திங்கள்

கூடைப்பந்துக் கொட்டகையில் கொடுத்தார்கள். கப்பித்தான் ஒரு ஓரம், மீதியெல்லாம் சிப்பாய்கள். அதைக் கண்டதும் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அரிசி மூட்டைகள் அங்கேதான் அடுக்கியிருந்தன. கால் எப்படித் திரும்பும்?

வருகைப் பதிவு என்றார்கள். தாளின் மேல்பாதியை ஒரு அட்டை மூடியிருந்தது, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிந்தது. நான் முதலில் போட்டேன். கோன்சிங் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன எழுதிருக்கு மாரே?" என்றாள். விரலைத் தாளில் வைக்காமல் பிடித்திருந்தாள். "அரிசிக்குத்தான். வை" என்றேன். லியெஸெலுக்கு ஞானத்தாய் அவள். பதினாலு வருடமாக அவளுக்கு நான் மாரே, எனக்கு அவள் மாரே, அபுந்தியோ அவளுக்குப் பாரே. வைத்துவிட்டாள்.

பிறகு எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். நன்றி சொல்ல வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். முன்னால் மேசைமேல் இருந்த தார்ப்பாயை எடுத்ததும் மூன்று பழைய துப்பாக்கிகள். "எங்க சாமான்தாம்மா, நகத்த நேரமில்ல" என்றான் லெப்டினன்ட். சின்னப் பையன், மரியாதையாகப் பேசினான். அதற்கும் தலையாட்டினோம்.

ஜூலை 9, செவ்வாய்

சோறு. லியெஸெல் மூன்று முறை போட்டுக்கொண்டாள். கோன்சிங் இரண்டு நாள் அரிசியை ஒரே வேளையில் பொங்கித் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். இந்தப் பொம்பளைக்கு வாயும் பெரிது வயிறும் பெரிது.

ஜூலை 11, வியாழன்

லியெஸெல் போனை நீட்டினாள். பேஸ்புக்கில் நாங்கள். கை தூக்கி, துப்பாக்கிகளுக்குப் பின்னால். 'நாற்பத்து நான்கு கிளர்ச்சியாளர்கள் சரணடைந்தனர், அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தனர்.' கீழே ஒவ்வொருவர் பெயரும், மாற்றுப்பெயரும். மாற்றுப்பெயர் ஒட்டடைக்குச்சி. மாற்றுப்பெயர் ரேடியோ, தகவல் தொடர்புப் பிரிவாம். மாற்றுப்பெயர் டீச்சர்.

படத்தில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று தலைதான். பொய்யைக்கூட ஒழுங்காக எண்ணத் தெரியவில்லை இவர்களுக்கு.

என் கையால் எழுதினேனே. ஒவ்வொன்றாக. சிரித்துக்கொண்டே எழுதினேனே.

ஜூலை 14, ஞாயிறு

அபுந்தியோ வந்துவிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சாக்கைப் பிரித்து மிச்ச அரிசியைப் பார்த்தான், மூடினான். "பிள்ள சாப்பிட்டாளா?" என்றான். சாப்பிட்டாள் என்றேன். பயறுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 19, வெள்ளி

கொண்டுபோய்விட்டார்கள்.

காலை ஆறு மணி. காப்பிக்கொட்டைக்குப் பதில் அரிசியை வறுத்துக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். சிப்பாய்கள் பதினைந்து பேர் இருக்கும். எங்களை வெளியே குப்புறப் படுக்க வைத்தார்கள். உள்ளே அரை மணி நேரம். சாட்சிக்கு என்று கப்பித்தானைக் கூட்டிவந்து, அதன்பிறகு அவர் முன்னால் அரிசிச் சாக்கைத் தூக்கினார்கள். சாக்குக்கு அடியில் கையெறிகுண்டு. நான் தினமும் கை விட்டு அளக்கிற சாக்கு! கப்பித்தான் என்னைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாற்றுப்பெயர் பல்லி, நீதானே?" என்று கேட்டார்கள். அவன் பழக்கத்தில் நாக்கைச் சொடுக்கிவிட்டான். ஒருத்தன் துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தான்.

அடுப்பில் அரிசி கருகிக் கிடக்கிறது. சுரண்டவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

சிறை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன். முன்பல் ஒன்று இல்லை. நூற்றிருபது பேர் இருக்கும் அறையில் உட்கார்ந்தபடி தூங்குகிறானாம். "கோழி மாதிரி" என்று சிரிக்கப் பார்த்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு அழ மட்டும்தான் வந்தது, வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் அழுதேன்.

ஜூலை 26, வெள்ளி

வழக்கறிஞர் கிடைத்துவிட்டார். அட்டர்னி சூமாகாய். என்னைவிடச் சின்னவள், மோட்டார் சைக்கிளில் வருகிறாள், தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேச ஆரம்பிக்கிறாள். ஒரு தாளைக் காட்டினாள். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாள், அட்டை இல்லாமல்.

'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் ஆயுதக் குழுவின் உறுப்பினர்கள் என்றும், எங்கள் தளபதி அபுந்தியோ தாலிசாய், மாற்றுப்பெயர் பல்லி என்றும், அவர் தம் வீட்டில் வெடிபொருள் வைத்திருப்பதைக் கண்டோம் என்றும் சத்தியம் செய்கிறோம்.' முதல் கையெழுத்து என்னுடையது. புருஷனைக் காட்டிக்கொடுத்த முதல் சாட்சி நான்.

"அழறத அப்புறம் வச்சுக்கலாம் அக்கா, இதக் கேளுங்க" என்றாள். வீட்டைச் சோதிக்க வாங்கிய ஆணை இந்தத் தாளை மட்டுமே நம்பி வாங்கியது. தாள் பொய்யென்று நிரூபித்தால் ஆணை செல்லாது. ஆணை செல்லாவிட்டால் குண்டும் சாட்சியாகாது. அவன் வெளியே வரலாம். இல்லையென்றால் ஆயுள். ஜாமீன்கூடக் கிடையாது.

"எப்படி நிரூபிக்கிறது?"

"கையெழுத்துப் போட்டவங்க வரணும். இது அரிசிக்குப் போட்டதுன்னு சொல்லி, மறுப்பு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் ரெண்டு பேர் போதாது."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஒன்பது நாளில் முப்பத்தொரு வீடு. முன்பெல்லாம் நான் கூட்டத்துக்குக் கூப்பிடப் போனால் நாற்காலி போடுவார்கள். இப்போது உள்ளே ஆள் இருக்கும், பேச்சுச் சத்தம் கேட்கும், நான் கூப்பிட்டதும் நின்றுவிடும். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் ராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர்களை 'மறுபடி காட்டுக்குப் போனவர்கள்' என்று எழுதிக்கொள்கிறார்களாம். ஒருவர் கதவிடுக்கில் சொன்னார்: "இன்னொரு கையெழுத்தா டீச்சர்? ஒண்ணு போட்டதே போதும்."

அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பொய், வருகிறது. ரொம்ப வருகிறது. வந்து என்ன செய்ய, ஆரம்பித்து வைத்தவள் நான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோன்சிங் வீட்டுக்குப் போனேன். கடைசியாகத்தான் போனேன், அவள் கட்டாயம் வருவாள் என்று நினைத்து. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னை ஏன் கேக்குற மாரே? எனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். உன்னைக் கேட்டுத்தானே வச்சேன்?"

"அட்டை வச்சு மறைச்சிருந்தாங்க மாரே…"

"அப்ப தெரியலன்னு சொல்லிருக்கணும். அரிசிக்குன்னு எதுக்குச் சொன்ன? ஜுன்ஜுனுக்கு முகாம்ல சமையல் வேலை போட்டுக் குடுத்திருக்காங்க. என் பிள்ளை அவங்க கைல இருக்கான். போயிடு. பாரேவுக்காக நான் ஜெபம் பண்றேன்."

ஜெபமாம். ஜெபத்தைக் கொண்டுபோய் நீதிபதியிடம் கொடுக்கட்டும். இனிமேல் அவள் முகத்தில் விழிக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மனோங் கோரியோ வந்தார்! நான் கேட்காமலே வந்தார். அறுபத்தெட்டு வயது, வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும் அவ்வளவு உயரம். "எனக்கு இனிமே என்னத்த எடுத்துக்கப் போறாங்க? எருமைக்கும் வயசாச்சு" என்றார். நகரத்துக்குப் போய் அட்டர்னி முன்னால் மறுப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். திரும்பி வரும்போது ஜீப்னி வண்டியில் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுக்கொடுத்தார். ஒருவர் வந்தால் பத்துப் பேர் வருவார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

மனோங் கோரியோவைச் சுட்டுவிட்டார்கள். பட்டப்பகலில், எருமையை ஓட்டிக்கொண்டு வரும்போது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்.

எருமை நகரவே இல்லையாம். அவர் பக்கத்திலேயே நின்றதாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இழவு வீட்டுக்குப் போனேன். கொலைசெய்யப்பட்டவர் என்பதால் பெட்டிமேல் கோழிக்குஞ்சு விட்டிருந்தார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனச்சாட்சி கொத்துப்படும் என்பார்கள். குஞ்சு பெட்டியின் கண்ணாடிமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சலிங் அதை விரலால் தள்ளித் தள்ளி எழுப்பிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "ஒட்டடைக்குச்சின்னு நீதானே எழுதின?" என்றார். சத்தம் போடவில்லை. எனக்குக் காப்பி கொடுக்க வந்த பெண் பாதியில் நின்றுவிட்டாள். வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்றும் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

பயறு அறுத்தோம், அறுத்தது ஏழு பேர். நாற்பது பேர் இறங்கிய வயல்.

லெப்டினன்ட் வயலுக்கே வந்தான். இளநீர் வாங்கிவந்திருந்தான் எனக்கு. "அம்மா, உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் தளபதிதான், சரணடையறேன்னு. வழக்கை எடுத்துருவாங்க. வீடு கட்டித் தருவாங்க. நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றான். இளநீரை நான் தொடவில்லை. அவன் போனபிறகு லியெஸெல் குடித்தாள். குடிக்கட்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"சொல்லிடு அபுந்தியோ. தளபதின்னு சொல்லிடு. பிசாசுன்னு சொல்லச் சொன்னாலும் சொல்லிடு. வீட்டுக்கு வா."

அவன் காலில் புண். உட்கார்ந்தே தூங்கி வீங்கி, தோல் வெடித்திருக்கிறது. என் கண் அதிலேயே இருந்தது. அவன் சொன்னான்: "நான் ஆமான்னு சொன்னா அந்த நாப்பத்து மூணு பேரும் ஆமாதான் பெர்லி. நிலம் போச்சு. கோரியோவும் கிளர்ச்சிக்காரனாத்தான் செத்தான்னு ஆயிடும்."

"கோரியோ செத்துட்டாரு! அவருக்கு என்ன ஆனா என்ன? உயிரோட இருக்கறவளப் பாரேன். என்னைப் பாரேன். நான் செத்துட்டு இருக்கேன் இங்க, தெரியலயா உனக்கு?"

கம்பிக்குள் கை விட்டு என் கன்னத்தைத் தொட்டான். தட்டிவிட்டேன். தட்டிவிட்டு வந்துவிட்டேன். இருபது வருடத்தில் அவன் கையை நான் தட்டிவிட்டது இதுதான் முதல் தடவை. என்ன பெரிய தலைவன். புருஷனாக இருந்தால் போதாதா ஒருத்தனுக்கு?

செப்டம்பர் 8, ஞாயிறு

போகவில்லை. லியெஸெலை அனுப்பினேன். "அம்மா ஏன் வரலன்னு அப்பா கேக்கவே இல்ல" என்றாள். கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 12, வியாழன்

அட்டர்னி வந்தாள். விசாரணை 24ஆம் தேதி. கையில் ஒன்றுமே இல்லை. என் மறுப்பும் கோரியோவின் மறுப்பும் மட்டும்தான், அவரும் இப்போது இல்லை. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு என்ன செய்ய? பெயர்களை எண்ணினேன். இருபத்துநான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தெட்டு.

இருபத்தேழு இல்லை.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். இருபத்தாறுக்குப் பிறகு பக்கம் முடிகிறது, அடுத்த பக்கம் இருபத்தெட்டில் தொடங்குகிறது. ஒரு எண்ணைத் தவறவிட்டது நான்தான். அதனால்தான் நாற்பத்து மூன்று பேர் நாற்பத்து நான்கு ஆனார்கள். என் அரிசிப் பட்டியலை அப்படியே, என் தப்போடு சேர்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஜூலை 5 என்று தேதி வேறு இருக்கிறது. அவர்கள் சத்தியம் வாங்கியதோ 8ஆம் தேதி.

அட்டர்னி தலைக்கவசத்தைக் கழற்றினாள். இதுவரை அவள் முடியை நான் பார்த்ததே இல்லை. "அக்கா, இது போதும். இது ஒண்ணே போதும்" என்றாள். பிறகு முகம் மாறியது. "ஆனா நோட்டு முழுசாக் குடுக்கணும். ஒரு பக்கம் கிழிச்சாலும் இட்டுக்கட்டினதுன்னு சொல்லுவாங்க. நீங்க கூண்டுல ஏறி, எழுதினது நான்தான், சங்கச் செயலாளர் நான்தான்னு சொல்லணும். சொன்னா உங்களுக்கும் கைது ஆணை வரும். அன்னிக்கே வரலாம். மறைக்க மாட்டேன்."

செப்டம்பர் 15, ஞாயிறு

சிறைக்குப் போனேன். போன தடவை நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. நோட்டைப் பற்றிச் சொன்னேன். "வேணாம்" என்றான் உடனே. "ரெண்டு பேரும் உள்ள இருந்தா பிள்ளைய யாரு பாக்கறது?"

அதேதான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு ஒன்றும் யோசிக்க முடியவில்லை.

செப்டம்பர் 18, புதன்

நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். இதெல்லாம் நீதிமன்றத்தில் படிப்பார்களா? கோன்சிங்கின் வயிறு, அபுந்தியோவின் கையைத் தட்டிவிட்டது, லியெஸெல் தட்டைத் தள்ளியது. அடுப்பில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் இல்லை, மதியம் முழுக்க.

போட்டால் நான் வீட்டில் இருப்பேன். அவன் உட்கார்ந்தே தூங்கிச் சாவான். ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

செப்டம்பர் 23, திங்கள், சாயங்காலம்

லியெஸெலின் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். நாளையிலிருந்து அவள் அட்டர்னியின் அம்மா வீட்டில். "எத்தனை நாளைக்கும்மா?" என்றாள். தெரியாது என்றேன். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. அவள் வாழைக்காய் அவித்து வைத்தாள், இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படிக்கப்போகிற நீதிபதி அவர்களே, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

புது நோட்டு. பெண்கள் சிறையில் பக்கத்தில் படுப்பவள் கொடுத்தாள். நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன், மறந்துவிடுமோ என்று பயம்.

கூண்டில் ஏறினேன். எழுதியது நானா? நான்தான். சங்கத்தின் செயலாளரா? ஆமாம். எதற்கு எழுதினாய்? அரிசிக்கு. குமாஸ்தா நோட்டை வாங்கி உரக்கப் படித்தார், ஒரு உணர்ச்சியும் இல்லாமல், பேருந்து நேரம் படிப்பதுபோல. 'இந்தப் பொம்பளைக்கு வாயும் பெரிது வயிறும் பெரிது' என்று வந்ததும் பின்னால் சிரித்தார்கள். நான் நிமிரவே இல்லை. கோன்சிங் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அரசாங்கத் தரப்புச் சாட்சியாக முகாம் வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள், புதுச் சட்டை போட்டிருந்தாள்.

குமாஸ்தா முன்னால் புரட்டி எட்டாம் தேதியைப் படித்தார். அவள் கேட்டது, அவள் விரலை வைக்காமல் பிடித்திருந்தது, வை என்று நான் சொன்னது. இருபத்தேழாம் எண்ணையும் காட்டினார்கள். நீதிபதி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

அடுத்தது கோன்சிங். அரசாங்க வழக்கறிஞர் கேட்டார், தளபதி பல்லி இங்கே இருக்கிறாரா, காட்டு. அவள் அபுந்தியோவைக் காட்டினாள்.

"அவரு பல்லிதான். என் பாரே. தளபதியெல்லாம் இல்ல. பொண்டாட்டியக் கண்டா பயப்படுவாரு, அவரு எங்க தளபதி?"

வழக்கறிஞர் தாளை நீட்டி, இது உன் விரல் இல்லையா என்றார்.

"என் விரல்தான். அதுல என்ன எழுதிருந்துச்சுன்னு எனக்கு யாரு சொன்னா? நான் இவளைக் கேட்டேன். அரிசிக்குன்னா. இவளுக்கும் தெரியல, அட்டை வச்சு மறைச்சுட்டாங்க. ஆகஸ்ட்லேருந்து இவளத் திட்டிட்டு இருக்கேன், பாவம்." பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்: "என் வாய் பெருசுன்னு எழுதிருக்கா. பெருசுதான் ஐயா. வயிறு பொய். செத்த மாசத்துல எங்கிருந்து வயிறு?"

சாட்சி களைப்பாக இருக்கிறார் என்று நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பு பிறகு.

வாசற்படியிலேயே என்னைப் பிடித்தார்கள். ஆணை ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. பெர்லிதா தாலிசாய், மாற்றுப்பெயர் டீச்சர். லியெஸெல் படிக்குக் கீழே பையோடு நின்றாள். அழவில்லை அவள். நான்தான் அழுதேன்.

அக்டோபர் 10, வியாழன்

ஜுன்ஜுனுக்கு வேலை போய்விட்டது. அம்மாவும் பிள்ளையும் ஊரில் இல்லை. பாதிரியார் எங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறார். எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது.

அக்டோபர் 25, வெள்ளி

அட்டர்னி ஓடி வந்தாள். ஆணை செல்லாது. குண்டு சாட்சியாகாது. திங்கட்கிழமை அபுந்தியோவை விடுவார்கள்.

என் வழக்கு வேறு. அதற்கு வேறு நீதிபதி.

நவம்பர் 3, ஞாயிறு

பார்வையாளர் நாள். அபுந்தியோ வந்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பார்க்க வேறு ஆளாக இருந்தான். மெலிந்து, சட்டை தொங்கியது. சோறும் கருவாடும் கொண்டுவந்திருந்தான், அவனே சமைத்தது, சோறு அடிப்பிடித்த வாசனை. முழுக்கத் தின்றேன். அவன் கால் புண் எப்படி என்று கேட்டேன், நான் எங்கே படுக்கிறேன் என்று கேட்டான். சுவர் ஓரம் இடம் கிடைத்துவிட்டது, நீட்டிப் படுக்கிறேன் என்றேன். பொய்தான்.

கல்லறைத் திருநாளன்று கோரியோவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோனானாம். ஐந்து பேர் கூடினால் ஏன் கூடினாய் என்று கேட்கிற ஊரில், அன்றைக்கு மட்டும் யாரையும் கேட்க முடியாது. ஊரே சோற்றுப் பாத்திரத்தோடு கல்லறையில்தான் இருக்கும். அங்கே ஒவ்வொருவராக வந்து நின்றார்களாம். சலிங் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தாராம். எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்துவைத்தார், இங்கே உள்ளே விடவில்லை, காவலர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றான்.

"பத்தொன்பது பேர் பெர்லி. அட்டர்னிகிட்ட மறுப்பு எழுத வெள்ளிக்கிழமை வராங்களாம். உனக்காக."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எத்தனை மோட்டார் சைக்கிள் ஓடுமோ. அவர்களை வரவேண்டாம் என்று சொல் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு வெளியே வர வேண்டும். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு வெளியே வர வேண்டும்.

மணி அடித்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவனுக்குக் கிளம்பத் தெரியவில்லை. காலிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அந்தப் பக்கம் நின்று அவனுக்குப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கம்.

"திரும்பிப் பாக்காம வேகமாப் போகணும். பாத்தா கால் வராது" என்றேன்.

தலையாட்டினான். நாலு அடி நடந்தான். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டான்.